நார்வேக்காரரின் வயது

எய்யா,

உன் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி மாடிப்படி ஏறுமுன் மூச்சு வாங்க நின்றபோது, கீழ்வீட்டு அம்மாள் "பேட்டே கா காகஜ் ஆயா ஹை", பிள்ளை கடிதம் வந்திருக்கிறது, என்று கையில் கொடுத்தாள். நாலே வரி. "வியாழக்கிழமை எனக்கு இருபத்தேழு. நார்வேக்காரர் இந்த வயதைப் பார்க்கவில்லை. 27 − 26 = 1. மிச்சம் இருக்கிற அந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை." கீழ்வீட்டு அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். அம்மாவுக்குக் கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறானே என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். பிறகு படி ஏறவில்லை, அப்படியே திரும்பி தந்தி ஆபீசுக்குப் போனேன்.

உன் விடுதிக்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் அறைத்தோழன்தான் வந்தான். "தூங்கிட்டு இருக்கான் ஆன்ட்டி, எழுப்பட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். "நான் ரூம்லயே இருக்கேன், எங்கயும் போகலை" என்று நான் கேட்காமலேயே சொன்னான். நல்ல பிள்ளை. நீ மூன்று வருடம் உழைத்துக் கண்டதை, வெளிநாட்டில் யாரோ ஒருவர் உனக்கு ஒரு மாதம் முன்னால் அச்சில் போட்டுவிட்டார் என்பதையும், அதிலிருந்து நீ சாப்பிடவும் போவதில்லை, ஆய்வேட்டையும் தொடுவதில்லை என்பதையும் அவன் போன மாதமே எனக்கு எழுதியிருந்தான். நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். காத்திருந்தது தப்பு. பம்பாய்க்குக் கிடைத்த முதல் டிக்கெட் சனிக்கிழமை சாயங்கால வண்டிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை உன் முன்னால் வந்து நிற்பேன். நேரில் பார்த்தால் "சாப்ட்டியா, ஏன் இப்படி எளைச்சுட்ட" என்பதைத் தாண்டி எனக்கு வாய் வராது, உனக்கே தெரியும். அதனால் சொல்ல வேண்டியதை இன்று எழுதி அவசரத் தபாலில் போடுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன், பொறுத்துக்கொள். ஸ்டெப் போடாமல் எனக்கு விடை வராது.

உன் அப்பா போனபோது உனக்கு ஒன்பது வயது. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து பதினோராம் நாள். சரோஜினி நகரில் இருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸை ஆறு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். ஊருக்கு வந்துவிடு என்று அண்ணன்கள் கூப்பிட்டார்கள். நான் இந்தத் தலைநகரை விட்டுப் போகவில்லை. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுப் பத்து வருடம் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தவளுக்கு இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கிடைத்தது. முனிர்காவில் எருமைகள் கட்டியிருந்த ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறையும் கிடைத்தது. அந்த முதல் வருடம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு நினைவிருக்காது. இருந்தால் மறந்துவிடு.

பள்ளிக்கூட வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ஒவ்வொரு ஆசிரியருக்கும் அதில் ஒரு மூலை. தமிழ் ஐயா நல்ல வார்த்தை எழுதுவார், அறிவியல் டீச்சர் ஏதாவது செய்தி எழுதுவாள். "நீங்க கணக்குல ஏதாவது எழுதுங்கம்மா, பிள்ளைகளுக்குப் பயம் போகட்டும்" என்றார் தலைமையாசிரியர். நான் பெரிய நூலகத்தில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, தடிமனான ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து கணித மேதைகள் பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் எடுத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, ஓர் ஆளுக்கு ஒரு அட்டை. தேதிவாரியாகப் பிஸ்கட் டின்னில் அடுக்கினேன். அன்றன்று பிறந்தவரோ இறந்தவரோ யாராவது ஒருவர் பலகையில் ஏறுவார். பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் மனசுக்குள் கழித்து வயதைக் கத்த வேண்டும். அந்த வெளிநாட்டுப் பெயர்கள் என் வாயிலும் நுழையவில்லை, உன் வாயிலும் நுழையவில்லை. நாம்தான் வீட்டில் வேறு பெயர் வைத்துக்கொண்டோம். நார்வேக்காரர். சண்டைக்காரப் பையன். நம்ம ஊர்க்காரர். யாரோ பக்கத்துத் தெரு ஆட்கள் மாதிரி பேசுவோம்.

காவல்காரர் தன்சிங்கை நினைவிருக்கிறதா? தினமும் காலையில் பலகையை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டு, சுண்ணக்கட்டியை நீட்டி, "மேடம்ஜி, ஆஜ் கௌன் மரா?" என்று கேட்பார். இன்றைக்கு யார் செத்தது என்று. கேலியில்லை, உண்மையான அக்கறைதான். நான் சொல்வேன். எத்தனை வயசு என்று கேட்பார். சின்ன வயசாக இருந்தால் நாக்கால் ச்சு கொட்டுவார். பதினேழு வருடமாக இதே கேள்வி. ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காக ஊரெல்லாம் மேம்பாலம் வந்து, நம் பஸ்ஸே வேறு வழியில் போக ஆரம்பித்துவிட்டது. தன்சிங் மாறவில்லை.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். நான் பொறுக்கித்தான் எழுதினேன். பல தேதிகளில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். எழுபத்தெட்டு வயது வாழ்ந்தவரும் இருப்பார், முப்பதில் போனவரும் இருப்பார். நான் முப்பதில் போனவரைத்தான் எழுதினேன். பிள்ளைகளுக்குச் சின்ன விடைதான் பிடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுபத்தெட்டு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் அப்பாவுக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைத்தது என்பதை எழுதி, அதை எழுபது பிள்ளைகள் சேர்ந்து கத்திக் கேட்க என்னால் முடியவில்லை. சின்ன வயதில் போனவர்களோடு இருந்தால் ஆறுதலாக இருந்தது. நம் வீட்டில் மட்டும் இது நடக்கவில்லை, பெரிய பெரிய மூளைக்கெல்லாம் இப்படித்தான் என்று காலையில் ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டால் அன்றைய நாள் ஓடிவிடும். மருந்து என்னுடையது. நீ அதைச் சாப்பாடு என்று நினைத்து வளர்ந்துவிட்டாய்.

நார்வேக்காரர் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வறுமை, காசநோய், வேலை கேட்டு அலைந்தது, கடைசியில் வேலை கிடைத்துவிட்டது என்ற கடிதம் அவர் செத்த பிறகு வந்து சேர்ந்தது. அந்த இடத்தில் நிறுத்துவேன். வகுப்பு முழுக்க "அய்யோ" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த வருடமும் சொல்வேன். செவ்வாய்க்கிழமை தந்தி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்த "அய்யோ" எனக்குக் கேட்டது. இனி எந்த வகுப்பிலும் நான் அந்தக் கதையைச் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது தப்பு உனக்கும் நன்றாக நினைவிருக்கும், இருவரும் அதைப் பேசியதே இல்லை. உனக்குப் பத்து வயது. நான் பலகையில் நார்வேக்காரரை எழுதி, பிள்ளைகள் "இருபத்தேழு" என்று கத்தி முடித்திருந்தார்கள். பஸ்ஸில் வரும்போது நீ சொன்னாய்: "அம்மா, அவரு ஆகஸ்ட்ல பொறந்திருக்காரு, ஏப்ரல்ல செத்துட்டாருல்லா. பர்த்டே வரதுக்கு முன்னாடியே. அப்ப இருபத்தாறுதான." சரியான கணக்கு. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதமெல்லாம் போட்டுக் குழப்பக் கூடாது, வருடத்தைக் கழித்தால் போதும் என்று உன் வாயை அடைத்தேன். நீ விடவில்லை. பிஸ்கட் டின்னை எடுத்துவைத்து ஒவ்வொருவராகப் பார்த்தாய். சண்டைக்காரப் பையனுக்கும் ஒரு வருடம் கூட. நம்ம ஊர்க்காரருக்கும் ஒரு வருடம் கூட. "அம்மா எல்லாருக்கும் ஒரு வருஷம் ஃப்ரீயா குடுத்துட்டா" என்று சிரித்தாய்.

அடுத்த மாதம் அப்பாவின் திதி வந்தது. ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். ஐயர் வந்துபோய், எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா, "முப்பத்தஞ்சு வயசு. சாகுற வயசால அது" என்று கண்ணைத் துடைத்தார். நீ பருப்பைப் பிசைந்துகொண்டே, "முப்பத்துநாலு பெரியப்பா. அப்பா பர்த்டே டிசம்பர்ல. செப்டம்பர்லயே செத்துட்டாங்கள்ல" என்றாய். நான் பரிமாறிக்கொண்டிருந்த கையாலேயே உன் கன்னத்தில் அறைந்தேன். கரண்டி எங்கோ போய் விழுந்தது. உன் கன்னத்தில் சாம்பார். நீ அழவில்லை, என்ன தப்பாகச் சொன்னோம் என்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நீ தப்பாக எதுவும் சொல்லவில்லை ராசா. பென்ஷன் காகிதத்திலும் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் நானே வருடத்தைக் கழித்து முப்பத்தைந்து என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு வருடம் அவர் கூடுதலாக இருந்ததாகவே நம்பிவிட்டேன். பத்து வயதுப் பிள்ளை அதையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டானே என்று ஆத்திரம். அதற்கப்புறம் நீ என் கணக்கைத் திருத்தியதே இல்லை. பலகையில் யாருக்கு எத்தனை வருடம் கூடப் போட்டாலும் பேசாமல் நின்றாய். நேற்று முன்தினம் வந்த கார்டில்தான் மறுபடியும் திருத்தியிருக்கிறாய், இருபத்தாறு என்று. என் தப்புக் கணக்குப்படி பார்த்தால் நீ இன்னும் அவரைத் தாண்டவில்லை, தெரியுமா? இது சமாதானம் இல்லை. சும்மா சொல்கிறேன்.

மூன்றாவது தப்பு ஸ்டேஷனில். உன்னைப் பம்பாய்க்கு வண்டியேற்ற வந்தபோது, வண்டி நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எய்யா, நார்வேக்காரர் வயசுக்குள்ள ஏதாவது பண்ணிரு." விளையாட்டாகத்தான் சொன்னேன். நீயும் சிரித்தாய். மற்ற அம்மாக்கள் வேளைக்குச் சாப்பிடு, குளிரில் அலையாதே என்று சொல்வார்கள். நான் மகனுக்கு ஒரு கெடு வைத்து அனுப்பினேன். இத்தனை வருடம் அது உன் தலைமாட்டில் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து அட்டைகளைக் கீழே கொட்டினேன். என்னிடம் இரண்டு கட்டு உண்டு. ஒன்று பலகையில் ஏறியவர்கள். இன்னொன்று நூல் போட்டுக் கட்டி டின்னின் அடியில் வைத்தது, நான் ஒருநாளும் எழுதாதவர்கள். முதல் கட்டு விரல் கனம்தான். இரண்டாவது கட்டு ஒரு கைக்குள் அடங்கவில்லை. நீ அதைப் பார்த்ததில்லை, நான் காட்டியதில்லை. அதில் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார். நாற்பது வயது வரும்வரை ஏதோ சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கணக்கோடு கையெழுத்துப் பாடமும் தேகப்பயிற்சியும் கூடச் சொல்லிக்கொடுத்தாராம். என்னை மாதிரியே பிள்ளைகள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர், அதற்கப்புறம்தான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். இன்னொருவர் ஸ்விட்சர்லாந்துக்காரர். கண் போன பிறகும் சொல்லச் சொல்ல மற்றவர்களை எழுதவைத்து, முன்பைவிட அதிகமாகக் கணக்குப் போட்டவர். எழுபத்தாறு வயதில், பேரப்பிள்ளையோடு விளையாடிய அதே நாளில் போனார். இவர்களையெல்லாம் நான் டின்னுக்கு அடியில் போட்டு மூடிவைத்திருந்தேன். நம்ம ஊர்க்காரருக்கு ஒரு மனைவி இருந்ததையும் நான் சொன்னதில்லை. அவருக்கப்புறம் அந்த அம்மாள் தனியாக எத்தனை வருடம் என்று எந்தப் பிள்ளையையும் கழிக்கச் சொன்னதில்லை. அதன் விடை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கட்டின் கடைசியில் நம் நாட்டுப் பழைய ஆட்கள். ஒருவர் தன் புத்தகத்திலேயே தனக்கு இப்போது இருபத்துமூன்று வயது என்று எழுதி வைத்திருக்கிறார். அதைக் கொண்டுதான் பிறந்த வருடத்தையே கண்டுபிடித்தார்கள். எப்போது இறந்தார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அட்டையில் பாதி காலியாக இருக்கிறது. கழிக்க இரண்டாவது எண் இல்லை என்பதற்காகவே அவரைப் பலகையில் ஏற்றவில்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இருபத்துமூன்றுக்கு அப்புறம் அவர் என்ன செய்தார், எத்தனை நாள் சும்மா இருந்தார், எத்தனை கணக்கு தப்பாய்ப் போனது, யாருக்குத் தெரியும்?

நீ கண்டதை இன்னொருவரும் கண்டுவிட்டார் என்பதற்கு எனக்குத் தெரிந்த பாஷையில் ஒரே அர்த்தம்தான். விடை சரி. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் பார்த்து எழுதாமல் ஒரே விடை கொண்டுவந்தால் இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போடுவேன். உங்கள் உலகத்தில் அப்படிப் போடமாட்டார்கள் என்று தெரியும். உனக்கு வலித்திருக்கும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வேட்டை முடிக்கிறாயோ, தூக்கிப் போட்டுவிட்டு இங்கே வந்து டியூஷன் எடுக்கிறாயோ, அது பிறகு பேசிக்கொள்ளலாம். எனக்கு மேதை வேண்டாம். எனக்கு அலுத்துப்போய்விட்டது எய்யா. பதினேழு வருடமாகத் தினமும் காலையில் ஒரு சாவை எழுதிக் கைகழுவிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, சுண்ணத்தூளில் இருமல் நிற்பதில்லை, அதெல்லாம் போகட்டும். என் பிள்ளையை நான் கழிக்க முடியாது. நீ இருக்க வேண்டும். எதுவும் கண்டுபிடிக்காமல், வழுக்கை விழுந்து, பஸ்ஸில் கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு, எண்பது வயது வரை இருக்க வேண்டும். மிச்சம் இருக்கிற ஒன்றை என்ன செய்வதென்று கேட்டாயே. ஞாயிற்றுக்கிழமை வரை அதைப் பத்திரமாக வைத்திரு. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இன்று உன் பிறந்தநாள். காலையில் கொஞ்சம் சீக்கிரமாகவே பள்ளிக்கூடம் போனேன். டின்னை எடுத்துப் போகவில்லை. என் மூலையில் உன் பெயரை எழுதினேன், முழுப் பெயர், அப்பாவின் இனிஷியலோடு. பிறப்பு என்று உன் வருடம். பக்கத்தில் ஒரு கோடு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் கத்த வாயைத் திறந்துவிட்டு விழித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண், வாயாடி, "டீச்சர், மைனஸ் பண்ண ரெண்டாவது நம்பரே இல்லையே" என்றாள். இன்றைக்குக் கழித்தல் கிடையாது என்றேன். "யார் டீச்சர் இது? என்ன கண்டுபிடிச்சார்?" இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றேன். "அச்சா, அப்ப எதுக்கு போர்டுல?" பிறந்திருக்கிறான், அதற்குத்தான் என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. தமிழ் ஐயா பெயரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

தன்சிங் மட்டும் அதற்கு முன்பே, பலகையைத் துடைத்துச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தபோது, வழக்கம்போலக் கேட்டார்: "மேடம்ஜி, ஆஜ் கௌன் மரா?"

"கோயி நஹீன், பையா" என்றேன். இன்றைக்கு யாரும் சாகவில்லை. அவர் "அச்சா ஹை", நல்லதுதான், என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி வந்து சேரும். ஸ்டேஷனுக்கு நீ வா. எனக்குப் பம்பாயில் வழி தெரியாது.

அம்மா